மூன்றாம் சரணம்

எங்கள் பக்கத்து மிஷன் தேவாலயத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயா எழும்பிப் பாட்டின் இலக்கத்தைச் சொல்லி, "ஒன்று, இரண்டு, நான்காம் சரணங்களைப் பாடுவோம்" என்பார். மூன்றாவதை ஏன் விடுகிறார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரப் போதகர்மார் காலத்திலிருந்தே அப்படித்தானாம். என் கணிப்பு வேறு. நாலையும் பாடினால் நேரம் போய்விடும், வீட்டில் இறைச்சிக் கறி காத்திருக்கும். முதலாவதை வெட்ட முடியாது, கடைசியை வெட்டினால் ஆமென் சொல்ல முடியாது, இரண்டாவது வரும்போது சனத்துக்கு இன்னும் அலுப்புத் தட்டவில்லை. ஆகவே கத்தி எப்போதும் மூன்றாவதின் கழுத்தில்தான்.

நான் சைவக்காரன். இந்த விபரமெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், அந்தத் தேவாலயத்தின் ஒலிபெருக்கி வேலை என்னுடையது. கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு, தேர்தல் கூட்டம், எதுவென்றாலும் மைக் செற் கொண்டுபோய்க் கட்டுகிறவன் நான். ஞாயிறுகளில், சனம் இருக்கிற கடைசி வாங்குக்குப் பக்கத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரோடு இருப்பேன். அங்கேயிருந்துதான் அவளை முதலில் கவனித்தேன். அவள் அங்கே பெடல் ஓகன் வாசித்தாள். கால் மிதிக்க மிதிக்க வயிற்றுக்குள் காற்று வாங்கிப் பாடுகிற பழைய பெட்டி அது.

சனம் ஒன்று, இரண்டு, நான்கு பாடிவிட்டு வாங்குகளில் இருந்துவிடும். ஓகன் மட்டும் நிற்காது. அதே மெட்டு இன்னொரு முறை, முதலிலிருந்து கடைசிவரை, ஒரு அவசரமும் இல்லாமல் போகும். போதகர் ஐயா வேதபுத்தகத்தையும் திறந்து, வாயையும் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அவளுடைய உதடு அசைவது எனக்குப் பக்கவாட்டில் தெரியும். எல்லாரும் விட்ட மூன்றாவதை அவள் தனியாகப் பாடி முடித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் ஆராதனை முடிந்து வயர் சுற்றும்போது கேட்டேன். "ஏன் பிள்ளை, ஐயாவோடை உமக்கென்ன கோபம்?"

"கோபம் ஒண்டும் இல்லை அண்ணை. எழுதினவர் நாலு எழுதியிருக்கிறார். மூண்டாவதிலைதான் அவருக்குக் கஷ்டம் வருது. அதை விட்டுப்போட்டு நாலாவதிலை எப்பிடி அவ்வளவு சந்தோசமாப் பாடுறது?"

"ஐயா சொன்னால் கேக்கவேணுமெல்லே."

"ஐயா சொன்ன மூண்டையும் வாசிச்சனான்தானே. கடைசியா வாசிச்சது என்ரை."

நான் வயரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு பாமசியில் அவளுக்கு வேலை. மருந்து வாங்கப் போனவர்கள் அவளிடம் அகப்பட்டால் தப்ப முடியாது. எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின், எதைப் பாலோடு குடிக்கக்கூடாது, எதைக் குடித்தால் நித்திரை வரும், எல்லாவற்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லுவாள். "தெரியும் பிள்ளை, தாரும்" என்று யாராவது கையை நீட்டினால், "தெரிஞ்சால் சொல்லுங்கோ பாப்பம்" என்பாள். வரிசை வாசல் கடந்து பலாலி வீதிக்கு வந்துவிடும். பஸ்சில் போகிறவர்கள் அங்கே ஏதோ மலிவு விற்பனை என்று நினைத்து எட்டிப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

ஒருமுறை எனக்குத் தொண்டையில் புண். அன்ரிபயோற்றிக் தந்தாள். இரண்டு நாளில் சுகம் வந்தது, மிச்சத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுத் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டப் போய்விட்டேன். போன் வந்தது.

"அண்ணை, குளிசை முடிஞ்சுதோ?"

"சுகம் பிள்ளை. நல்ல சுகம்."

"சுகமோ எண்டு நான் கேக்கேல்லை. முடிஞ்சுதோ?"

அன்று பின்னேரம் ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மனுசி லாச்சியைத் திறந்து காட்டிக் கொடுத்தாள். முற்றத்தில் கிளாசில் தண்ணீரோடு நின்று, நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை அவள் அசையவில்லை. பிறகு பால் விடாத பிளேன்ரீ குடித்தாள். அதையும் அடிமண்டி வரை குடித்தாள். குடித்துக்கொண்டே எங்கள் பேப்பரை எடுத்து மரண அறிவித்தல்களை வாசித்தாள். நாங்கள் எல்லாம் படத்தைப் பார்ப்போம், ஊரைப் பார்ப்போம், தெரிந்த ஆள் இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டுவோம். இவள் அன்னாரின் மருமக்கள், பேரர்கள், பூட்டர்கள், லண்டன், நோர்வே, ஜேர்மனி என்று ஒருவரும் விடுபடாமல் வாசித்தாள். ஏன் என்று கேட்டால், "அவ்வளவு பேரின்ரை பேரையும் ஆரோ இருந்து எழுதியிருக்கினமெல்லே" என்றாள். எனக்கு விசர் வந்தது. ஆனால் அவள் போன பிறகு அந்த அறிவித்தலை நானும் ஒருமுறை முழுக்க வாசித்தேன்.

இப்படிப்பட்டவள் பாட்டுச் செய்தால் எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டுக்குப் பின்னால், றெயில் பாதையோரம், என் சாமான் அறை. ஸ்பீக்கர் பெட்டிகள், வயர்ச் சுருள்கள், மூலையில் என்னுடைய ட்ரம்ஸ். இளந்தாரி வயதில் திருவிழாக்களுக்கு வாசித்த இசைக்குழுவில் நான்தான் ட்ரம்ஸ். சினிமாப் பாட்டு எதைக் கேட்டாலும் அடிப்பேன். ஒருநாள் அவள் கையில் ஒரு புத்தகத்தோடு அந்த அறை வாசலில் வந்து நின்றாள். அட்டை கிழிந்து, பழுப்பேறி, நூல் விட்ட புத்தகம்.

"அண்ணை, இது ஒரு பழைய நாவல். இதை முழுசாப் பாட்டாச் செய்யப்போறன். நீங்கள் ட்ரம்ஸ் அடிக்கவேணும்."

"எத்தினை பாட்டு?"

"ஒம்பது அத்தியாயம். ஒம்பது பாட்டு."

இந்த வகை இசைக்குப் புரோகிரசிவ் ரொக் என்று பெயராம். சின்ன வயதில் வெளிநாட்டிலிருந்து மாமா ஒருவர் அனுப்பிய கசற்றுகளில் அவள் கேட்டிருக்கிறாள். கசற்றின் ஒரு பக்கம் முழுவதற்கும் ஒரே பாட்டு ஓடுமாம், நடுவில் தாளம் மாறும், கதை போகும், ஓகன் அழும், பிறகு முதலில் வந்த மெட்டு வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வரும். நான் கேட்டுப் பார்த்தேன். எங்கே கைதட்டுவது என்றே தெரியவில்லை. "உதென்ன கோதாரி, சனம் எழும்பிப் போயிடும்" என்றேன். "இருக்கிறவை இருப்பினம்" என்றாள்.

நாவல் வடமராட்சிக் கரையிலிருந்து புறப்படுகிற ஒரு பாய்க்கப்பலைப் பற்றியது. புகையிலை ஏற்றிக்கொண்டு போவார்கள், புயலில் அகப்படுவார்கள், திசை தவறுவார்கள், கடைசியில் கரைக்கு வருவார்கள். முதல் ஆறு அத்தியாயமும் காற்றாய்ப் பறக்கும். ஏழாவதில் காற்று விழுந்துவிடும். கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஒன்றுமே நடக்காது. பாய் தைப்பார்கள், தண்ணீரை அளந்து குடிப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள். அந்த நாவலை வாசித்ததாகச் சொன்ன சிலரை விசாரித்தேன். எல்லாரும் ஏழாவதைப் புரட்டிக்கொண்டு எட்டுக்குப் போனவர்கள்தான்.

கிற்றாருக்கும் பாட்டுக்கும் சேந்தன் வந்தான். நெல்லியடியில் வயரிங் வேலை செய்கிறவன், கடலோடிக் குடும்பம். அவனுடைய பாட்டனார் அப்படியான கப்பல் ஒன்றில் போனவர். அவனுக்கு நல்ல குரல், நல்ல கை, பொறுமை மட்டும் இல்லை. மனைவி கனடாவில். விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தான்.

வார இறுதிகளில் என் சாமான் அறையில் பதிவு நடந்தது. றெயின் வந்தால் எல்லாம் பாழ். நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருந்தேன், ஆனால் எங்கள் றெயின் அதை வாசிப்பதில்லை. பாட்டு நடுவில் நிலம் அதிரத் தொடங்கும். அவள் கீபோட் கட்டைகளின்மேல் கையை வைத்தபடியே கடைசிப் பெட்டி போகும்வரை இருப்பாள். பிறகு, "முதலிலை இருந்து."

"அக்கா, விட்ட இடத்திலை இருந்து எடுத்து ஒட்டலாம். அண்ணையின்ரை கொம்பியூட்டரிலை ஒரு நிமிச வேலை," என்பான் சேந்தன்.

"முதலிலை இருந்து, தம்பி."

நாங்கள் அவளை முகத்துக்கு நேரேயே திட்டினோம். அவள் கோபிக்கவில்லை, விடவும் இல்லை. அப்படியே எட்டுப் பாட்டு முடிந்தது. பொய் சொல்லக்கூடாது, முதல் பாட்டில் கப்பல் கரையை விட்டு ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் ஆடிக்கொண்டு வெளிக்கிடுகிறபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் தட்டின கைதான், இப்போதுதான் வேலை செய்தது போல இருந்தது. ஒன்பதாவது அதைவிட. கப்பல் கரைக்கு வரும். எல்லாரும் ஓடுவார்கள். ஒரு மாலுமிப் பெடியன் மட்டும் கிணற்றில் ஒரு சிரட்டை தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பிப் போய் அதைக் கடலில் ஊற்றுவான். அத்தோடு முடியும்.

ஏழாவதைத்தான் அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். அதற்குத் தேவாலயத்துப் பெடல் ஓகன் வேண்டுமாம், பாடகர் குழு வேண்டுமாம். எனக்கு அந்தப் பாட்டில் வேலையே இல்லை. ட்ரம்ஸ் அடிக்கிறவனைக் கையைக் கட்டிக்கொண்டு இரு என்று சொல்கிற பாட்டு. "காத்து இல்லை அண்ணை, அப்ப என்னத்தை அடிக்கிறது?" என்றாள். நியாயம்தான். இருந்தாலும் எனக்குக் கடுப்பு.

அந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து தொறொன்ரோக்காரர் போனில் வந்து சேர்ந்தார். அங்கே தமிழ்ப் பாட்டுகளை வெளியிடுகிற ஒருவர். சேந்தன் எட்டுப் பாட்டையும் அனுப்பியிருந்தான். மனுசனுக்கு நல்லாய்ப் பிடித்துவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு மூவரும் சுற்றி இருந்து கேட்டோம். வெளியிடுகிறேன், சேந்தன் வந்து இறங்கியதும் மேடை போட்டுத் தருகிறேன், நாலு பேருக்குத் தெரிய வரும் என்றார். சேந்தனின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது.

"ஆனால் அந்த ஏழாவது வேண்டாம்," என்றார் அவர். "கீபோட்டிலை வாசிச்ச மாதிரிப் பதிவு ஒண்டு சேந்தன் அனுப்பினவன். இருவது நிமிசம் ஒண்டும் நடக்கேல்லை. கேக்கிறவை ஸ்கிப் பண்ணிப்போடுவினம் தங்கச்சி."

"ஸ்கிப் பண்ணுறவை பண்ணட்டும் அண்ணை," என்றாள் அவள். "ஸ்கிப் பண்ணுறதுக்கெண்டாலும் அது அங்கை இருக்கவேணுமே."

அவர் சிரித்தார். வரும் ஞாயிறுக்குள் எட்டுப் பாட்டோடு முடிவான பதிவை அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சேந்தன் வெடித்தான். "அக்கா, உங்களுக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு. நான் அங்கை போய் இறங்கேக்கை ஆர்? ஸ்டோரிலை பெட்டி தூக்கிற ஆள். இது வந்தால் நான் ஒரு பாட்டுக்காரன். உங்கடை ஒரு அத்தியாயத்துக்காக அதை விடச் சொல்லுறியளோ?"

"உன்னை விடச் சொல்லி நான் சொல்லேல்லை. ஒம்பதும் சேந்தால்தான் அது எண்டு சொல்லுறன். ஏழிலைதானே கப்பல் சமையல்காரர் தன்ரை தண்ணிப் பங்கை அந்தப் பெடியனுக்குக் குடுத்துப்போட்டுச் சாகிறார். அது இல்லாட்டில் ஒம்பதிலை அவன் ஏன் சிரட்டையோடை கடலுக்குப் போறான்? கேக்கிறவைக்கு அவன் விசரன் மாதிரி இருக்கும்."

"இருக்கட்டுமே!"

அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது, ஏழாவதுக்குக் கிற்றார் மட்டும்தான் வாசிப்பேன், வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நானும் அவன் பக்கம்தான். சொன்னேன். "பிள்ளை, பெடியன்ரை வாழ்க்கை. ஒரு பாட்டுத்தானே. விட்டுக்குடுத்தால் என்ன?"

அவள் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டியில் இருந்தாள். பிறகு வேறு எதையோ சொல்வது போலச் சொன்னாள்.

"சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து வன்னியிலை இருக்கேக்கை அப்பாவுக்குக் காலிலை ஒரு காயம் அண்ணை. சின்னக் காயம்தான். காய்ச்சல் வந்தது. குளிசை அரைவாசிதான் கிடைச்சது. அதோடை சுகம் வந்த மாதிரி எழும்பி இருந்தவர், என்னோடை விளையாடினவர். சுகம் வந்திட்டுது எண்டு எல்லாரும் நினைச்சினம். பேந்து திரும்ப வந்தது. மிச்சக் குளிசை ஒரு இடமும் இல்லை."

நான் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தேன்.

"அம்மாவை ஆரும் கேட்டால், சாவகச்சேரிக்குப் போனம், பேந்து வீட்டை வந்தம் எண்டுவா. இடையிலை உள்ள வன்னியை விட்டுடுவா. அவவைப் பிழை சொல்லேல்லை, அவவாலை ஏலாது. ஆனால் அங்கைதானே அண்ணை அப்பா இருக்கிறார்."

எழும்பி, வெளியே போய், ஸ்கூட்டியைத் திருப்பினாள். நான் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு கிளாசோடு முற்றத்தில் நின்ற அந்த முகம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு ஏழாவதை வெட்டச் சொல்லி நான் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு தேவாலயத்தில் பதிவு. சேந்தனுக்கு விசா வந்துவிட்டது, அன்று பின்னேர பஸ்சில் கொழும்புக்குப் போகிறான், அங்கிருந்து விமானம். பயணப் பையோடு வந்து கடைசி வாங்கில் வைத்துவிட்டு, யாருடைய முகத்தையும் பாராமல் கிற்றாரை எடுத்துச் சுருதி சேர்த்தான். பாடகர் குழுவின் அன்ரிமார் ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி பவளம் ரீச்சர், ஓய்வு பெற்றவர். ரொக் என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. "பாட்டு எழுத்திலை இருக்குதோ? அப்ப பாடுவம்" என்றார்.

பாட்டு நெடுநேரம் ஓகனோடு மட்டும் போகும். சும்மா நீண்டு கிடக்கிற சுரங்கள், இடைக்கிடை கிற்றாரில் ஒரு சொட்டு. பிறகு கரையில் காத்திருக்கிற பெண்களாய்க் குழு பாடும், நாலு சரணம். மூன்றாவது மட்டும் சமையல்காரர் பெடியனுக்குச் சொல்கிற வார்த்தை, அதற்கு மெட்டும் வேறு, கீழே இறங்கும். அதையும் குழுதான் பாட வேண்டும்.

ஓகன் தொடங்கியது. காற்றில்லாத கடலை, காற்று இல்லாவிட்டால் செத்துப்போகிற பெட்டி பாடியது. நான் மிக்சரில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றுமே நடக்காததை விட்டுக் காதை எடுக்க முடியவில்லை. குழு எழும்பியது. முதல் சரணம், தேன். இரண்டாவது, அதைவிட. ஓகன் கீழே இறங்கியது. அன்ரிமார் மூச்சு எடுத்து, தாளைப் பார்க்காமல், ஒரே குரலில், வலு சந்தோசமாக, நான்காவது சரணத்துக்குப் பாய்ந்தார்கள்.

மெட்டு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். ஓகன் நின்றது. பவளம் ரீச்சர் கன்னத்தில் கை வைத்தார். "கடவுளே, வாய் தன்ரை பாட்டுக்குப் போகுது பிள்ளை. ஆயுசுக்கும் அப்பிடியெல்லே பாடினனாங்கள்."

"பரவாயில்லை ரீச்சர். முதலிலை இருந்து."

திரும்ப ஓகன், திரும்பக் கடல். ஒன்று, இரண்டு. அன்ரிமார் எல்லாரும் விரலைத் தாளில் மூன்றாவது சரணத்தில் வைத்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். விரல் மூன்றில் நிற்க, வாய் நாலுக்குப் போனது. 

சேந்தன் அன்று முதல்முறையாகக் கதைத்தான். "பாத்தியளோ அக்கா. கடவுளுக்கே மூண்டாவது வேண்டாமாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. "பிள்ளை, மூண்டாவதைத் தனியாப் பாடித் தாங்கோ, நான் ஒட்டித் தாறன்," என்றேன். 

"ஒட்டினால் காத்து அடிச்ச மாதிரி இருக்கும் அண்ணை," என்றாள். அன்ரிமாரைத் திருப்பி மூன்றாவதை மட்டும் பாட வைத்தாள். திரும்பவும். திரும்பவும். தனியாகப் பாடினால் நல்லாய் வருகிறது. இரண்டாவதுக்குப் பின்னால் வைத்தால் வாய் வழுக்குகிறது.

பவளம் ரீச்சர் களைத்துப்போய் வாங்கில் இருந்தார். "சேர்ச்சிலை எண்டால் ஆராவது ஒருத்தர் முதல் சொல்லை எடுத்துத் தருவினம். எடுத்துத் தந்தால் நாங்கள் பிடிப்பம். எங்களுக்கு எடுத்துத் தர ஆள் இல்லை."

ஓகன் மிதிக்கிறவள் அதே நேரம் உரத்துப் பாட முடியாது. எனக்குப் பாட வராது, என் மனுசியைக் கேளுங்கள். மிச்சம் ஒரே ஒரு ஆள். எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவள் மட்டும் பார்க்கவில்லை. அவனைக் கெஞ்சவும் இல்லை. ஓகனின் கால் மிதியின் வாரை இழுத்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"முதலிலை இருந்து."

சேந்தன் மணிக்கூட்டைப் பார்த்தான். பஸ்சுக்கு இன்னும் ஒரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது. அவன் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இன்னொருமுறை அன்ரிமார் நாலுக்குப் பாய்ந்தால் போதும், ஏழாவது தானாகவே செத்துவிடும், தொறொன்ரோ மேடை அவனுக்கு. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஓகன் தொடங்கியது. முந்தினதைவிட மெதுவாக. ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. மெட்டு இறங்கியது. அன்ரிமார் மூச்சு எடுத்தார்கள். அந்த மூச்சுக்குள் சேந்தன் பாடினான்.

"உன் பங்கைக் குடி மகனே, எனக்குத் தாகமில்லை.
நான் கண்ட மழையெல்லாம் நெஞ்சோடு நிறைந்திருக்கு.
கரை தெரியும் நாளில் ஒரு கை நீர் எடுத்து
கடலிலே ஊற்றிவிடு, நான் குடித்ததாய் இருக்கும்."

முதல் வரியில் அவன் தனி. இரண்டாவது வரியில் பவளம் ரீச்சர் பிடித்தார். மூன்றாவதில் எல்லாரும். சேந்தனின் கண் மூடியிருந்தது, கிற்றாரில் கை அசையவே இல்லை. நான் அழுதேன். ட்ரம்ஸ்காரன் சும்மா இருக்கிற பாட்டில் வேறென்ன செய்வது? நான்காவது வந்தபோது அன்ரிமார் அதை வழக்கம்போலச் சந்தோசமாகப் பாடவில்லை. வேறு மாதிரிப் பாடினார்கள்.

கடைசிச் சுரம் அடங்கியதும் அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். சேந்தன் கிற்றாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"எங்கடை பாட்டன் உப்பிடித்தான் அக்கா. நடுக்கடலிலை. தண்ணி இல்லாமல். வீட்டிலை ஒருத்தரும் கதைக்கிறேல்லை," என்றான். பிறகு, "தொறொன்ரோவுக்கு நானே சொல்லுறன். ஒம்பது, இல்லாட்டி ஒண்டும் இல்லை."

"பஸ் போகப்போகுது. ஓடு," என்றாள் அவள். அவன் போன பிறகுதான் முகத்தைத் துடைத்தாள்.

தொறொன்ரோக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நாங்களே அதை இணையத்தில் போட்டோம். ஒன்பது பாட்டும், நாவலின் வரிசையில். சனம் அள்ளுப்பட்டு வரவில்லை. எத்தனை பேர் எதுவரைக்கும் கேட்டார்கள் என்று கொம்பியூட்டர் காட்டும். ஏழாவதின் நடுவில் கோடு சடாரென்று விழுந்து கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தாள். "நடு மட்டும் வந்திருக்கினமே அண்ணை. புத்தகத்திலை அவ்வளவு தூரமும் ஒருத்தரும் வரேல்லை," என்றாள். சேந்தன் ஸ்டோரில் பெட்டி தூக்குகிறான். ஞாயிறுகளில் அங்கே ஒரு குழுவோடு வாசிக்கிறான். சில நேரம் எனக்குப் போன் எடுத்து ஏழாவதைப் போடச் சொல்லிக் கேட்பான், தன்னிடமே இருக்கிறது என்றாலும்.

கொஞ்ச நாளில் அவளுக்கு அரச நியமனம் வந்தது. மன்னார்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கேயும் வரிசை வாசலைக் கடந்திருக்கும். மருந்தை வாங்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர்கள் அவளைத் திட்டுவார்கள், ஆனால் குளிசை முடிப்பார்கள். போகும்போது அந்த நாவலை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். ஏழாம் அத்தியாயத்தில் மட்டும் தாள்கள் விரல்பட்டு மெழுகாய்க் கிடந்தன.

தேவாலயத்தில் இப்போது கீபோட். போதகர் ஐயாவின் மகள் வாசிக்கிறாள், நல்ல பிள்ளை, அப்பா சொன்னதை அப்படியே வாசிப்பாள். மற்றவள் மன்னாருக்குப் போன பிறகு வந்த முதல் ஞாயிறு ஐயா எழும்பினார்.

"ஒன்று, இரண்டு, நான்காம் சரணங்களைப் பாடுவோம்."

ஒன்று பாடினார்கள். இரண்டு பாடினார்கள். சனம் நான்காவதைத் தொடங்கியது. பாடகர் குழுவில் பவளம் ரீச்சர் நேரே சுவரைப் பார்த்தபடி மூன்றாவதின் முதல் சொல்லை எடுத்தார். பக்கத்து அன்ரி பிடித்தார். அடுத்தவர் பிடித்தார். ஒரு வரிக்கு இரண்டு சரணமும் மோதின. சனம் தடுமாறி, புத்தகத்தில் கண்ணை மேலே ஏற்றி, ஒவ்வொருவராய் மூன்றாவதுக்கு வந்தது. அது முடியக் கீபோட் நின்றுவிட்டது, பிள்ளை எண்ணி வைத்தது மூன்று தடவைதான். ரீச்சர் நிற்கவில்லை. வாத்தியம் இல்லாமலே நான்காவதுக்குப் போனார்கள்.

போதகர் ஐயா திரும்பி என்னைப் பார்த்தார், மைக்கைக் குறை என்பது போல.

நான் கூட்டிவிட்டேன்.